சேர்மக்கனி வாசித்த தண்ணீர்

உப்பாற்றுமுனையில் குடிதண்ணீர் பேசத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அங்கே தண்ணீர் வரும், அன்று மேலத்தெரு முதல் குழாயில் முதல் குடம் வைத்திருந்தவள் தையல்காரரின் மனைவி, குடம் பாதி நிறைந்தபோது தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியிலிருந்து ஓர் ஆண்குரல், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையின் தயக்கத்தோடும் வயதான தொண்டையின் கரகரப்போடும், "அவள்... பேருந்து... வரும் என்று... நம்பினாள்" என்று சொன்னது. குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்து அவள் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். குரல் கொஞ்சம் நின்று, "ஆனால் பேருந்து வரவில்லை" என்றது. அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், சோற்றுக்கு உலை வைத்தாள், உலை கொதித்தபோது அந்த இரண்டு வரிகளும் ஆவியோடு எழுந்து அடுக்களையை ஒருமுறை சுற்றிவிட்டு அடங்கின. மத்தியானம் சாப்பிட வந்த புருஷனிடம் தண்ணீர் பேசியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பிள்ள பாவம், எவ்வளவு நேரம் நின்னாளோ" என்று மட்டும் சொன்னாள்.

குரல் சேர்மக்கனியுடையது. ஊருக்கு வெளியே, உப்பளங்களுக்குப் போகிற வழியில், உடைமரக் காட்டுக்கு நடுவில் நாலு காலில் நிற்கிற தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் ஆபரேட்டர். ஆற்றுத் தண்ணீர் எங்கோ தூரத்திலிருந்து குழாயில் வந்து தரைக்குள் இருக்கும் சம்பில் விழும், அதை மோட்டார் போட்டு மேலே ஏற்றி, தொட்டி நிறைந்ததும் வால்வைத் திறந்து தெருத் தெருவாக விடவேண்டும், இதை அவர் இருபத்திரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். வயது ஐம்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அம்மா பதினாலு வருஷம் படுக்கையில் கிடந்தாள், அவள் போனபோது அவருக்கு நாற்பத்திமூன்று, அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஊர் அவரை டேங்க் அண்ணாச்சி என்று கூப்பிட்டது, கூப்பிடுவதற்கான அவசியம் வந்தால். காலையில் சுடலைமணியின் டீக்கடையில் "ஒரு டீ" என்பார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் "நாலு இட்லி" என்பார், இடைப்பட்ட நேரத்தில் தொண்டைக்கு வேலை இல்லாததால் அந்த நாலு இட்லியைச் சொல்வதற்கு முன்னால் அவர் இரண்டு முறை செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வருஷம் ஊர் நூலகத்தின் கூரை ஒழுகி, கட்டடத்தைப் பூட்டிவிட்டு, புத்தகங்களைப் பதினோரு சாக்குகளில் கட்டி மோட்டார் ரூமில் கொண்டுவந்து போட்டார்கள். கூரையைச் சரிசெய்கிறவரைக்கும் என்று சொன்னார்கள். சேர்மக்கனி ஒரு சாக்கை உட்காருவதற்கும் இன்னொன்றைச் சாப்பாட்டுத் தூக்கை வைப்பதற்கும் பயன்படுத்திக்கொண்டார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மோட்டாரின் மீட்டரையும் பஸ்ஸின் பலகையையும்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்திருந்த சாக்கு பிரிந்து ஒரு புத்தகம் வெளியே நீட்டிக்கொண்டு இடுப்பில் குத்தியது, எடுத்துத் தள்ளிவைக்கப் போனவர் விரிந்திருந்த பக்கத்தில் கண்ணை வைத்தார், ஒரு பெண் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தாள், அவள் ஏறினாளா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் அடுத்த வரிக்குப் போனார். வால்வைத் திறந்துவிட்டு, தொட்டியிலிருந்து ஊருக்கு இறங்குகிற பெரிய இரும்புக் குழாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, விரலை வரியின் கீழ் நகர்த்தி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரியே வாய்விட்டு வாசித்தார். வாய்விடாமல் வாசிக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது அவருக்குத் தன் வயசு ஞாபகமில்லை, வெயில் நகர்ந்திருந்தது தெரியவில்லை, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இவ்வளவு நேரம் தானும் நின்றிருந்ததாகக் கால் வலித்தது.

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைத்தான் சொல்லவேண்டும். எந்தக் குடத்தில் எந்த வரி விழும் என்பது அந்தக் குடம் குழாயின் கீழ் இருந்த நேரத்தைப் பொறுத்தது, ஆகவே ஒரு வீட்டுக்குக் கல்யாணம் கிடைத்தது, பக்கத்து வீட்டுக்கு அந்தக் கல்யாணம் நின்றுபோனது கிடைத்தது, மூன்றாவது வீட்டுக்குப் பந்தல்காரன் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டு போனது மட்டும் கிடைத்தது. மூடிவைத்த குடத்தில் சொற்கள் மாதக்கணக்கில்கூடக் கெடாமல் இருந்தன, மொண்டு ஊற்றும்போது ஒருமுறை ஒலித்துவிட்டுப் போய்விடும். "ஏட்டி, ஒன் கொடத்துல என்ன விழுந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டு, ஐந்தாறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட ஒருத்தி வாசலுக்கு ஒருத்தி போகவேண்டியதாயிற்று, சொம்பில் கொஞ்சம் கொண்டுபோய் ஊற்றிக் காட்டி, அங்கே இருப்பதைக் கேட்டு, தெருவே சேர்ந்து ஒரு கதையை முன்னும் பின்னுமாகக் கோத்தது. அம்மன் கோவில் பூசாரிக்குத்தான் முதலில் சங்கடம், அபிஷேகம் பண்ணும்போது போலீஸ் ஸ்டேஷனில் ஒருவனை வைத்து விசாரிக்கிற இடம் ஒலித்துவிட்டது. அவர் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, அம்மனும் எத்தனை காலம்தான் நம் குறைகளையே கேட்டுக்கொண்டிருப்பாள் என்று முடிவுக்கு வந்தார். வீட்டில் சுத்திகரிக்கும் மெஷின் வைத்திருந்த ஊராட்சித் தலைவர் லிங்கத்துரையின் குடும்பத்துக்கு மட்டும் சொற்களெல்லாம் வடிகட்டப்பட்டு வெறும் தண்ணீர் கிடைத்தது, அவர் மனைவி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் குடத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு வரத் தொடங்கினாள்.

அது யார் குரல் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பேசாத ஆளின் குரலை யாருக்குத் தெரியும்? கடைசியில் டீக்கடைச் சுடலைமணிதான், பாய்லரில் தண்ணீர் ஊற்றும்போது "ஒரு ஊரில்" என்று எழுந்த குரலைக் கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த 'ஒரு'ங்கிறத வேற யாரும் அப்படிச் சொல்ல மாட்டாவ. தெனமும் காலைல நான் கேக்கேன். இது நம்ம டேங்க் அண்ணாச்சி."

அவரிடம் சொல்ல வேண்டாம் என்று ஊர் தீர்மானித்தது. சொன்னால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார் என்று பயந்தார்கள். அவர் குடிப்பது மேலே ஏறாத சம்புத் தண்ணீர், மெஸ்ஸுக்கும் தண்ணீர் லாரியில் வந்தது, டீக்கடையிலோ அவர் வரும் நேரத்துக்கு முன்னாலேயே பாய்லரை நிரப்பி மூடிவிட்டார்கள், ஆகவே அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் தெருவில் வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது. முன்பு அவர் வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இப்போது எல்லோரும் கவனித்து, எல்லோரும் வாயை மூடினார்கள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று சேர்மக்கனி யோசித்துப் பார்த்தார். தண்ணீர் நேரத்துக்குத்தான் விட்டிருக்கிறார், தொட்டியைப் போன மாதம்தான் கழுவினார். ஊருக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் அவருக்குப் பட்டது, அது பட்ட பிறகு மெஸ்ஸுக்குப் போவதை விட்டுவிட்டு மோட்டார் ரூமிலேயே கஞ்சி வைத்துக்கொண்டார், இன்னும் அதிகமாக வாசித்தார். ஒரு நாளில் வாயைத் திறந்து மனிதர்களிடம் சொன்னவை இரண்டு வார்த்தை என்றும் குழாயில் சாய்ந்து வாசித்தவை இரண்டாயிரம் என்றும் ஆனது. அவருடைய தனிமையை ஊர் முழுக்கக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு போனது, அவரைப் பார்க்க மட்டும் ஒருவரும் வரவில்லை, வீட்டிலேயே அவர் குரல் இருக்கும்போது எதற்காக வரவேண்டும்?

ஆறு சாக்குகள் முடிந்தபோது அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தது. இட்லியா பூரியா என்று கேட்டால் எதுவானாலும் சரி என்பவர், சட்டை எந்த நிறத்தில் என்றால் இருப்பதைக் கொடுங்கள் என்பவர், தனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று இரண்டு உண்டு என்பதை ஐம்பத்தேழாவது வயதில் கண்டுபிடித்தார். ராஜாக்கள் கதை பிடிக்கவில்லை. கோட்டை வாசலில் யானைகளை நிறுத்திவைத்து ராஜா வீரவசனம் பேசிக்கொண்டிருந்த பக்கத்தில் அவருக்கு அந்த யானைகளுக்கு யார் தண்ணீர் காட்டினார்கள் என்பதுதான் கவலையாக இருந்தது, அது வரவே இல்லை, பாதியில் மூடிவைத்துவிட்டார். கொலைக் கதைகளில் கொன்றவன் யார் என்பதைவிட, பக்கத்து அறையில் தங்கியிருந்த கிழவர் பால் வாங்கி வந்து காய்ச்சுகிற இரண்டு வரி பிடித்தது. புத்தி சொல்கிற புத்தகங்களை ஒரு பக்கத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. காதல் கதைகளில் கடிதம் எழுதுகிற இடம் பிடித்தது, கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை.

ஏழாவது சாக்கில் அட்டையும் முதல் பக்கங்களும் போன ஒரு புத்தகம் இருந்தது. எழுதியவர் பெயரில்லை, புத்தகத்துக்கும் பெயரில்லை. ஒரு தீவில் மழையை அளக்கிற வேலைக்குப் போன பெண்ணின் கதை அது. கண்ணாடிக் குழல் ஒன்றில் விழுகிற மழையை அவள் தினமும் பார்த்து எழுதி வைக்கவேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை கப்பல் வந்து அரிசியைக் கொடுத்துவிட்டு அவள் எழுதியதை வாங்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் தேடி வரவில்லை. சேர்மக்கனி அதை முடித்தார், மூடினார், கொஞ்ச நேரம் உடைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாவது முறை தொடங்கியபோது ஊர் பொறுமையிழந்தது.

"எங்க வீட்டு அண்டா, குண்டா எல்லாத்துலயும் அந்தப் பொம்பள மழைய அளந்துக்கிட்டே இருக்கா" என்றார்கள் உப்பளத்து ஆட்கள். "ராஜா வாசல்ல நிக்காரு, யானை நிக்கி, ரெண்டு மாசமாச்சு. உள்ள போனாரா இல்லையான்னு தெரியாம எப்படி இருக்கிறது?" கடைசியில் தலைவர் லிங்கத்துரையும் தையல்காரரும் சுடலைமணியும் ஒரு சனிக்கிழமை தொட்டிக்கு நடந்தார்கள்.

மூன்று பேர் தன்னைத் தேடி வருவதைப் பார்த்து சேர்மக்கனி எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டு, செருமினார். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை.

"அண்ணாச்சி, ஒண்ணுமில்ல" என்றார் லிங்கத்துரை. "அந்த ராஜா கதைய முடிச்சுக் குடுத்திரணும். ஊர்ல எல்லாரும் கேக்காவ."

"எந்த ராஜா?"

அப்போதுதான் அவர்கள் சொன்னார்கள். நாலு மாதமாக அவர் வாசித்ததெல்லாம் குழாய் வழியாக ஊருக்கு வருவதை, குடங்களில் தங்குவதை, ரசத்தில் ஒலிப்பதை, தொட்டிலில் இருக்கும் பிள்ளைகள் அவர் குரல் கேட்டுத்தான் பால் குடிப்பதை. தண்ணீர் ஏன் அவர் சொல்லைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களுக்கும் அது கேட்கவேண்டிய விஷயமாகப் படவில்லை. அவர் முகத்தில் ரத்தம் ஏறியது வேறொன்றுக்கு.

"வாசிச்சது மட்டுமா வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். சுடலைமணிதான் வாயைத் திறந்தார். "நடுவுல நீங்க பேசிப் பழகுவியளே, அதும் வந்துச்சு அண்ணாச்சி. 'சுடலைமணி, இன்னைக்கு டீ நல்லாருக்கு. மழை வரும்போல இருக்கு.' அத ஏழெட்டுத் தடவ சொல்லிப் பாத்திய. நானும் தெனமும் காலைல, இன்னைக்குச் சொல்லுவாவ, இன்னைக்குச் சொல்லுவாவன்னு டீய ஆத்திக்கிட்டே நிப்பேன். நீங்க குடிச்சிட்டுப் போயிருவிய."

சேர்மக்கனி ராஜா கதையை எடுத்துத் தூசி தட்டினார், வாசிக்கிறேன் என்று தலையை ஆட்டினார், அவர்கள் போகிறவரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

வாசித்தார். ராஜா கோட்டைக்குள் போனார், தம்பியை மன்னித்தார், முடிசூடிக்கொண்டார். ஊரில் அன்று பாயசம் வைத்தார்கள். அடுத்தது கொலைக் கதை வேண்டும் என்றார்கள், பிறகு ஒரு குடும்பக் கதை, மாமியார் சாகிற இடத்தை மட்டும் தாண்டிவிடச் சொன்னார்கள். சொன்னதையெல்லாம் அவர் செய்தார், ஆனால் இப்போது ஒவ்வொரு வரியும் தன் வாயைத் தாண்டி யார் வீட்டு அண்டாவில் விழப்போகிறது என்று தெரிந்திருந்ததால் குரல் வறண்டது, பிடித்த இடத்தில் நிற்கப் பயந்தார், பிடிக்காத இடத்தில் வேகமாகப் போகவும் பயந்தார், புத்தகத்தின் முன்னால் உட்காரும்போது மீட்டர் எழுதுகிற மாதிரி இருந்தது. தண்ணீரும் சப்பென்று ஆயிற்று. சொற்கள் வந்தன, யாருக்கும் உடம்பு சிலிர்க்கவில்லை.

மழைக்காரியை மட்டும் அவரால் விடமுடியவில்லை. அவளை யாருக்கும் கேட்காமல் வாசிக்கவேண்டும். ஐம்பத்தேழு வயதில் வாய் அசையாமல் வாசிக்கப் பழகுவது என்பது பழக்கப்பட்ட மாட்டை வேறு பாதையில் ஓட்டுவதைப்போல. உதடு தானாக அசைந்தது, உதட்டைக் கடித்தால் தொண்டை முனகியது. துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு வாசித்தார். மூச்சை அடக்கி வாசித்தார். நாற்பது நாள் ஆன பிறகு, ஒரு வியாழக்கிழமை, கீழத்தெரு வால்வைத் திறந்துவிட்டு உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கம் முழுவதும் வாய் அசையாமல் உள்ளே போனது. அங்கே, உள்ளே, அந்தப் பெண் தன் சொந்தக் குரலில் பேசினாள். அவருடைய கரகரப்பு அதில் இல்லை. இத்தனை நாளும் தன் குரலைக் கொடுத்து அவள் குரலை மறைத்திருந்தோம் என்று தெரிந்து அவருக்கு அழுகை வந்தது, அதையும் சத்தமில்லாமல் அழுதார்.

மறுநாளிலிருந்து அவர் வாய்விட்டு வாசிக்கவே இல்லை. ஊரில் தண்ணீர் வெறும் தண்ணீராக வந்தது.

தையல்காரரை அனுப்பி வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். லிங்கத்துரை தானே வந்து, மேடையில் பேசுகிற குரலில், அதே குழாயில் சாய்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தார். குடங்களில் ஒன்றும் விழவில்லை. கோபம் வந்தது, சிலர் திட்டினார்கள், மேலிடத்துக்கு மனு எழுதலாமா என்று யோசித்து, என்னவென்று எழுதுவது எனத் தெரியாமல் விட்டார்கள். பெண்கள் குழாயடியில் வரிசையில் நின்று, குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள், யாரும் யார் வாசலுக்கும் போகவேண்டியிருக்கவில்லை. சுடலைமணி டீயைக் கொடுத்தார், சேர்மக்கனி குடித்தார், இரண்டு பேருக்கும் நடுவில் சொல்லாமல்போன அந்த இரண்டு வாக்கியங்கள் இருந்தன.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். உப்பளத்தில் அந்த வருஷத்து வேலை முடிந்துவிட்டது. ஒரு பெண் வெள்ளைக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தாள். கீழத்தெருவின் கடைசி வீட்டுப் பரிபூரணம் அவள், ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, முப்பது வருஷம் உப்பளத்தில் நின்று பாதம் வெளுத்துப்போனவள். சேர்மக்கனிக்கு அவளை முகம் தெரியும். பேசியதில்லை.

"ராஜா கதை கேக்க வந்தியாம்மா?" என்று அவர் கேட்டார். "நான் வாசிக்கிறத விட்டுட்டேன்."

"ராஜா கிடக்காரு" என்றாள். கேனைக் கீழே வைத்துவிட்டு, மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. அந்த மழை அளக்குதவ கதைய மூணு தடவ படிச்சிய. மூணு தடவையும் ஒரு எடத்துல நின்னுட்டிய. கடைசிக் குழாய்ல எங்க வீட்டுக் கொடந்தான் இருக்கும், தண்ணி விழுது, ஒங்க சத்தம் இல்ல. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். பெறவு அதே வரிய மறுபடி சொல்லுவிய. ஏன் அங்க நின்னிய?"

சேர்மக்கனி அவளைப் பார்த்தார். அவருடைய வாழ்நாளில் ஏன் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஏன் தண்ணி வரல என்று கேட்டிருக்கிறார்கள், அது வேறு.

"எந்த எடம்னு தெரியுமா?"

"'இன்று மழை இல்லை. இருந்தாலும் குழலைத் துடைத்து வைத்தேன்.'"

அவர் வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இந்த ரூம நான் தெனமும் பெருக்குதேன்" என்றார். "ஒருத்தரும் வர மாட்டாவ. மோட்டாரத் துடைக்கேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது. அத வாசிச்சப்பதான், ஓகோ, இன்னொருத்தியும் இப்படித்தான் செய்தான்னு இருந்துச்சு. அதான் நின்னேன்."

"எனக்கு அந்த எடம் பிடிக்கல" என்றாள் பரிபூரணம்.

"பிடிக்கலையா?"

"ஒருநாளாச்சும் தொடைக்காமப் போட்டிருக்கணும். யாரு கேக்கப் போறா? அவ்வளவு ஒழுங்கா இருந்து என்ன கண்டா? எனக்குப் பிடிச்சது வேற. கப்பல் வந்துட்டுப் போயிரும்லா, அப்ப அவ கரையில நின்னு தன்னோட பேர தானே ஒரு தடவ கூப்பிட்டுப் பாப்பா. அந்த எடம். அது ரெண்டாவது தடவ நீங்க வாசிச்ச தண்ணி. அந்தக் கொடத்த நான் பொழங்கவே இல்ல, மூடியே வச்சிருந்தேன்."

"அந்த எடம் கொஞ்சம் கூடுதலா இல்ல? யாரும் அப்படிச் செய்வாவளா?"

"நான் செஞ்சிருக்கேன்" என்றாள் அவள்.

அவர் அவளை மறுத்துப் பேசினார். கப்பல் போன இடத்தில் எழுதியவர் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டார் என்றார். அவள் விடவில்லை, துடைக்கிற இடந்தான் ஆசைப்பட்டு எழுதினது, படிக்கிறவன் பாவம்னு சொல்லணும்னே எழுதினது என்றாள். வெயில் உடைமரங்களுக்கு மேலே போய் நின்றது, தெருக்களுக்குத் தண்ணீர் திறக்கவேண்டிய நேரம் அரைமணி தாண்டியது, அவர்கள் அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு பெண்ணுக்காகச் சண்டை போட்டார்கள். தான் நேசிக்கிற ஒன்றை ஒருவர் எதிரில் உட்கார்ந்து பிடிக்கவில்லை என்று சொல்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று சேர்மக்கனி நினைத்ததே இல்லை.

"நாளைக்கு மறுநாள் நான் திருப்பூர் போறேன்" என்றாள், எழுந்துகொண்டே. "மக அங்க பனியன் கம்பெனில இருக்கா. பேரப்பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணுங்கா. இனி இங்க வர்றது எங்க. அதான், ஒரு கேன் கொண்டுட்டுப் போலாமான்னு வந்தேன். அந்தக் கப்பல் போற எடம் மட்டும். வாசிப்பியளா?"

"புத்தகத்தையே கொண்டுபோயேன்."

"எனக்கு எழுத்து மறந்துபோச்சு அண்ணாச்சி. மூணாம் வகுப்பு. தண்ணியாத்தான் கொண்டுபோவேன்."

தொட்டியின் காலடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அவள் அதன் கீழ் கேனை வைத்தாள். அவர் நேரம் தாண்டிப்போன எல்லாத் தெரு வால்வுகளையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டு, பெரிய குழாயில் முதுகைச் சாய்த்தார். இப்போது வாய்விட்டால் ஊர் முழுக்கக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் வாசித்தார். நிற்கவேண்டிய இடத்தில் நின்றார், தனக்குப் பிடிக்காத அந்தப் பத்தியை அவளுக்காக மெதுவாக, ஒரு எழுத்தையும் விடாமல் வாசித்தார். தீவுக்காரி கரையில் நின்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் நிறுத்திய பிறகும் கேனுக்குள் சன்னமாக அந்தக் குரல் விழுந்துகொண்டிருந்தது, இதுதான் தன் குரலா என்று அவர் முதல்முறையாகக் கேட்டார். யாரோ ஒரு நல்ல மனிதனின் குரல் மாதிரி இருந்தது.

அவள் மூடியை இறுக்கித் திருகினாள். "வாரேன் அண்ணாச்சி" என்றாள். வெள்ளைக் கேன் ஒரு பக்கம் இழுக்க, உப்பளத்துப் பாதையில் சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள். ஊரில் அன்று யாரும் ராஜாவைக் கேட்கவில்லை. பல வீடுகளில் குடங்களை மூடி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் எப்போதாவது வாய்விட்டு வாசித்தார், தனக்குத் தோன்றியதை, தனக்குத் தோன்றிய நாளில், ஊரும் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது. கூரை சரியாகி நூலகம் திறந்தபோது சாக்குகள் திரும்பிப் போயின. ராஜாக்களுக்குப் பிரியப்பட்டவர்கள் ராஜாக்களை எடுத்துப் போய் அவரவர் வீட்டில் வாசித்தார்கள். மோட்டார் ரூம் மறுபடி காலியாயிற்று. தை மாதத்தில் பரிபூரணத்திடமிருந்து போன் வந்தது. தினமும் அரை டம்ளர் என்று வைத்துக் குடித்தாளாம், தீர்ந்துபோயிற்று என்றாள். பேரப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டார். இருக்கிறான் என்றாள். பக்கத்தில் பேச ஆள் உண்டா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. மறுநாள் நூலகத்தில் போய், அட்டையில்லாத புத்தகத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று விசாரித்து, கணக்கில் இல்லாதது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும், அதைத் துணியில் சுற்றித் தைத்துத் திருப்பூர் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினார். தபால்நிலையத்திலிருந்து திரும்பி வருகிற வழி அவருக்கு மிகவும் நீளமாக இருந்தது. அந்தப் புத்தகம் இல்லாமல் முதல் பத்து நாள் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வைகாசி வரைக்கும் செய்தி இல்லை. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மோட்டார் ஓடாத நாள், போன் அடித்தது. எடுத்து, செருமி, யாரு என்றார். பதில் வரவில்லை. தையல் மெஷின்களின் சத்தம் தூரத்தில் கேட்டது, ஒரு கதவு சாத்தப்பட்டது, தாள் புரட்டுகிற சத்தம் வந்தது. பிறகு பரிபூரணத்தின் குரல், ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, தடுக்கி, மறுபடி பின்னால் போய்ச் சேர்த்து, மழை அளக்கிறவளின் தீவுக்குள் நுழைந்தது. சேர்மக்கனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். தனக்காக ஒருவர் வாசித்து அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. குழலைத் துடைக்கிற இடம் வந்தது, அவள் நிற்காமல் தாண்டிப் போனாள். கப்பல் போகிற இடம் இன்னும் வெகுதூரம் இருந்தது. அவர் எண்ணிப் பார்க்காத, ஆறேழு தடவை வாசித்தும் கண்ணில் படாத ஒரு வரியில் அவள் குரல் மெதுவாயிற்று:

"கடலுக்கு... முதுகைக் காட்டி... உட்கார்ந்தால்... இதுவும் ஓர் ஊர் மாதிரித்தான்... இருக்கிறது."

அங்கே அவள் நின்றாள். மெஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. ஏன் என்று கேட்க அவருக்கு வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை, அவள் மறுபடி தொடங்கும்வரை மூச்சு விடுவதுகூடக் கேட்காமல் காத்திருந்தார்.